அத்தியாயம் 4: வலைப்பூவுக்குத் துண்டு போடுவது

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்க இரண்டு நொடி போதும். வலைப்பூவுக்கு இடம் பிடிக்கப் பத்து நிமிடம். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் எந்த பஸ், எங்கே போகிறது என்று பார்க்காமல் பலர் ஏறிவிடுகிறார்கள். ஐந்தாறு வருடம் எழுதிக் குவித்த பிறகு கடவுச்சொல் மறந்துபோகும், அல்லது சேவையே மூடப்படும். அப்போதுதான் துண்டு மட்டும்தான் நம்முடையது, இருக்கை இல்லை என்பது புரியும்.

என்ன எழுதலாம் என்பதை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இனி எங்கே எழுதுவது, எழுதியதைத் தொலைக்காமல் இருப்பது எப்படி.

எந்தச் சேவை?

நான்கு வழிகள் இருக்கின்றன. என் தீர்ப்பையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

பிளாகர். 1999இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. தமிழ் வலைப்பூக்களில் பெரும்பகுதி வளர்ந்தது இதில்தான். செலவில்லை, பராமரிப்பு இல்லை. தோற்றம் பழைய வீடு மாதிரி இருக்கும், ஆனால் கூரை ஒழுகாது. முதன்முறை எழுத வருபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

வேர்ட்பிரஸ்.காம். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு உண்டு, இங்கேதான் குழப்பம். வேர்ட்பிரஸ்.காம் அவர்களே இடம் தரும் சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க் என்பது 2003இல் பிறந்த மென்பொருள். அதை எடுத்து நீங்கள் வாடகைக்குப் பிடித்த சர்வரில் போட்டுக்கொள்ள வேண்டும். காம் தரும் இலவசத் திட்டம் எழுதுவதற்கு அழகாக இருக்கும், ஆனால் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் ஓடும். கட்டுரைகளைத் தலைப்புவாரியாக அடுக்க நினைப்பவர்களுக்குப் பிளாகரைவிட இது பொருத்தம்.

சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். எல்லாம் உங்கள் கையில். எல்லாத் தொல்லையும் உங்கள் தலையில். மென்பொருளையும் பிளக்இன்களையும் விடாமல் புதுப்பிக்க வேண்டும். மறந்த ஒரு பிளக்இன் திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு. இரண்டு வருடம் விடாமல் எழுதிவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள்.

சப்ஸ்டாக், மீடியம். மின்னஞ்சல் மடலாக எழுத நினைத்தால் சப்ஸ்டாக் நல்லது. வாசகரிடம் சந்தா வசூலித்தால் 10 சதவீதம் அவர்களுக்கு. வசூலிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. மீடியம் எனக்குப் பிடிக்கவில்லை. பாதி படிக்கும்போது 'உறுப்பினராகுங்கள்' என்று குறுக்கே வந்து நிற்பது, விருந்துக்கு வந்தவரைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு டோக்கன் கேட்பது போல.

ஃபேஸ்புக்கை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அங்கே எழுதியதை மூன்று வருடம் கழித்து நீங்களே தேடிப்பாருங்கள், தெரியும். முதலில் வலைப்பூவில் எழுதுங்கள், பிறகு சுட்டியை ஃபேஸ்புக்கில் போடுங்கள். வரிசை மாறக்கூடாது.

கணக்கு திறக்கும்போது

1. வலைப்பூவுக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள். அலுவலக முகவரியோ கல்லூரி முகவரியோ வேண்டாம். வேலை மாறினால் வலைப்பூவும் போய்விடும்.

2. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, போனில் போட்டுக்கொள்ளும் ஆத்தென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் எண் இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

3. கூகுள் கணக்கானால் பத்து காப்புக் குறியெண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒரு எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். அதைத் தாளில் அச்சிட்டு ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனில் படமெடுத்து வைப்பது வீண். தொலையப்போவதே அந்தப் போன்தான்.

4. நம்பகமான இன்னொருவரையும், அல்லது உங்களுடைய இரண்டாவது கணக்கையும், வலைப்பூவின் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். பிளாகரில் முதலில் எழுத்தாளராக அழைத்து, பிறகு நிர்வாகியாக மாற்ற வேண்டும்.

5. கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நீங்கள் இத்தனை மாதம் கணக்கைத் தொடவில்லை என்றால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை கெடு வைக்க முடியும். உயில் எழுதுவது போல இருக்கிறதே என்று தயங்காதீர்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்குகளை அழிப்போம் என்று கூகுள் 2023இலேயே சொல்லிவிட்டது.

வழக்கமான தவறு: ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு அக்கா மகன் வலைப்பூ திறந்து கொடுப்பான். அவசரத்தில் தன் மின்னஞ்சலிலேயே திறந்துவிடுவான். மாமா எழுதிக்கொண்டே இருப்பார். ஒருநாள் பையன் வெளிநாடு போவான், எண் மாறும், போன் மாறும். மாமாவின் முந்நூறு கட்டுரைக்கும் சாவி மருமகன் கையில்! நீங்கள் மாமாவோ மருமகனோ, இன்றே அமைப்புகளுக்குப் போய் நிர்வாகி பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

முகவரியை வாங்கிவிடுங்கள்

வருடத்துக்கு நான்கைந்து சினிமா டிக்கெட் விலையில் சொந்த டொமைன் கிடைக்கும். பிளாகரில் அதை இணைக்கத் தனிக் கட்டணம் இல்லை. 'இலவச முகவரியே போதுமே' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை.

2012 வாக்கில் பிளாகர், இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்குப் பிளாக்ஸ்பாட்.காம் முகவரியைப் பிளாக்ஸ்பாட்.இன் என்று மாற்றிக் காட்டத் தொடங்கியது. நம்மவர்கள் உலாவியின் மேல்பட்டையில் தெரிந்ததை அப்படியே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 2020இல் அந்த '.இன்' டொமைன் கூகுளின் கையைவிட்டே போனது. பதிவுகள் '.காம்' முகவரியில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் '.இன்' என்று பகிரப்பட்ட சுட்டிகளைச் சொடுக்கியவர்கள் வெறும் பிழைச் செய்தியைத்தான் பார்த்தார்கள். சொந்த டொமைன் வைத்திருந்தவர்களை இது தொடவே இல்லை.

சரி, வாங்கும் முறை:

1. டொமைனை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். 'நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கடைக்காரர் தன் பெயரில் பதிந்துகொள்வது உண்டு.

2. டொமைன் ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங் வேறொன்றிலும் இருக்கட்டும். ஒன்றில் தகராறு வந்தால் மற்றது தப்பிக்கும்.

3. தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள். அதில் கொடுத்த கார்டு காலாவதியானால் புதுப்பிப்பு நடக்காது என்பதால், தேதியை நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

4. பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் எச்சரிக்கை மடலும் வராது.

பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சலில் கவனம் தேவை என்பதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். என் முதல் டொமைனை ஓர் அலுவலக முகவரி கொடுத்துப் பதிந்திருந்தேன். வேலையை விட்டேன், முகவரியை மாற்ற மறந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்கள் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்தன. கெடு தாண்டியும் சில வாரம் மீட்டுக்கொள்ள வழி உண்டு, கட்டணம்தான் பல மடங்கு. எனக்கு அந்தச் சில வாரமும் தெரியாமலே கழிந்தது. ஒரு வாசகர் போன் செய்து, "என்ன சார், ரம்மி விளையாட்டுக்கு விளம்பரம் பண்றீங்க?" என்று கேட்டபோதுதான் போய்ப் பார்த்தேன். என் பெயர் போட்ட முகவரியில் சீட்டுக்கட்டு சிரித்துக்கொண்டிருந்தது.

தமிழிலேயே முகவரி வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகள் உண்மையிலேயே இருக்கின்றன. வாங்குங்கள், ஆனால் இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் முகவரியை ஏற்காத மென்பொருள்கள் இன்னும் நிறைய உண்டு.

பதிவின் சுட்டி: ரசம் காணாமல் போன கதை

ஒரு பதிவுக்கு 'மழை நாளில் மாமியார் வீட்டு ரசம்' என்று தலைப்பு வைக்கிறீர்கள். பிளாகர் தலைப்பிலிருந்து சுட்டியை உருவாக்கும்போது ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் எடுக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. எனவே சுட்டி 'பிளாக்-போஸ்ட்' என்று மொட்டையாக வரும். அடுத்த பதிவுக்கு அதோடு ஒரு எண் ஒட்டிக்கொள்ளும். நூறு பதிவு எழுதிய பின் சுட்டியைப் பார்த்து எது ரசம், எது விமர்சனம் என்று உங்களுக்கே தெரியாது.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் வேறு விதத்தில் வம்பு செய்யும். கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சுட்டியில் ஒன்பது இடம் பிடிக்கிறது. 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். சுட்டியில் 45 இடம். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்குவது 200 இடம்தான், அதாவது 22 குறி. நம் தலைப்பு 'மழை-நாளில்-மாமியார்-வீட்' என்பதோடு நறுக்கப்படும். ரசம் போயே போச்சு. அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்.

ஆகவே பதிப்பிக்கும் பொத்தானைத் தொடும் முன் சுட்டியை நீங்களே இரண்டு மூன்று சொல்லில் ஆங்கில எழுத்தில் அமைத்துவிடுங்கள். 'மாமியார்-ரசம்' என்று ஒலிபெயர்த்துப் போட்டால் போதும். பிளாகரில் வலப்பக்கப் பட்டையில் 'பெர்மாலிங்க்' என்ற இடத்திலும், வேர்ட்பிரஸில் 'ஸ்லக்' என்ற இடத்திலும் இது இருக்கும். பதிப்பித்த பிறகு மாற்றுவது ஆபத்து: யாரிடமாவது பழைய சுட்டி இருந்தால் அது செத்துவிடலாம்.

தமிழ் எழுத்தில் கவனிக்க வேண்டியவை

ஒட்டும் முறை. வேர்டிலிருந்து நகலெடுத்து நேரே ஒட்டாதீர்கள். எழுத்துரு, அளவு, நிறம் என்று கண்ணுக்குத் தெரியாத குப்பையெல்லாம் கூடவே வரும். ஒரு பத்தி பெரிதாகவும் மறுபத்தி பொடியாகவும் தெரிவது இதனால்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். தடிப்பு, சாய்வு எல்லாவற்றையும் பிறகு அங்கேயே கொடுங்கள்.

பழைய கோப்புகள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்து வைத்திருப்பதை மாற்றிகள் மூலம் ஒருங்குறியாக்கலாம். மாற்றிய பின் ஒரு சோதனை கட்டாயம். துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால், ரகரம் வரவேண்டிய இடத்தில் மாற்றி காலைப் போட்டுவிடும். 'மாரி' என்பது 'மாாி' ஆகும். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ஆனால் கூகுளில் 'மாரி' என்று தேடுபவருக்கு உங்கள் பதிவு வராது.

இதைச் சரிசெய்யும் வரிசை:

1. கோப்பில் 'கண்டுபிடித்து மாற்று' வசதியைத் திறங்கள்.
2. 'ாி' என்பதை 'ரி' என்று மாற்றுங்கள்.
3. 'ாீ' என்பதை 'ரீ' என்று மாற்றுங்கள்.
4. 'ா்' என்பதை 'ர்' என்று மாற்றுங்கள்.
5. 'ஒள' என்பதைத் தேடுங்கள், ஆனால் மொத்தமாக மாற்றாதீர்கள். 'ஒளவையார்' என்றிருந்தால் 'ஔவையார்' ஆக்குங்கள். 'ஒளி', 'ஒளிவு' போன்றவற்றைத் தொடாமல் விடுங்கள்.

ஐந்து நிமிட வேலை. சில அரசுத் தளங்களில்கூட இந்தக் கால்–ரகரக் கோளாறு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை என்று இலவசமாகவே கிடைக்கின்றன. நீண்ட கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் என் தேர்வு. அளவு 18 பிக்சலுக்குக் குறையவேண்டாம். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி 1.7 அல்லது 1.8 வையுங்கள், மேலே கொம்பும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளாது.

இருபுறமும் சீராக்காதீர்கள். அச்சுப் புத்தகம் போல இருக்கட்டும் என்று 'ஜஸ்டிஃபை' போடுவார்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். நடுவில் பல் விழுந்த மாதிரி பொந்து பொந்தாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும்.

படங்கள்

* போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலம் 1200 பிக்சல் போதும்.
* வீட்டில் எடுத்த படத்தில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். போன் கேலரியில் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். குழந்தைகளின் பள்ளிச் சீருடை, வண்டி எண், வீட்டுக் கதவு எண் தெரிகிறதா என்றும் ஒரு பார்வை.
* கூகுள் படத்தேடலில் கிடைப்பது இலவசப் படம் அல்ல. விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். எடுத்தவர் பெயரும் உரிமக் குறிப்பும் படத்தின் கீழ் இருக்கட்டும்.
* மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

ஒட்டுச் சேவைகள்: எதை நம்பலாம்?

வருகை எண்ணி, சுட்டி சுருக்கி, மின்னஞ்சல் சந்தா, பகிரும் பட்டை. வலைப்பூவின் ஓரத்தில் இவற்றையெல்லாம் தொங்கவிடும் ஆசை ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருக்கும், கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி. பழைய பட்டியலைப் பாருங்கள். ஓடை படிக்கும் கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டது. ஃபீட்பர்னர் 2021இல் மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தியது. கூகுள் தன் சுட்டி சுருக்கியில் 2019இல் புதுச் சுட்டிகளை நிறுத்தியது. அதே 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, பிளாகரின் சொந்தப் பின்னூட்டப் பெட்டியை விட்டுக் கூகுள் பிளஸ் பெட்டிக்கு மாறியிருந்தவர்களின் உரையாடல்கள் அடியோடு போயின.

பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகளின் ஓட்டுப்பட்டை இன்னும் மோசம். மூடிப்போன திரட்டியின் நிரல் உங்கள் வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டே இருக்கும். வாசகர் பக்கத்தைத் திறந்தால், பதில் வராத அந்தச் சர்வருக்காகப் பக்கம் மூச்சுப்பிடித்துக் காத்திருக்கும். அந்த முகவரியை வேறு யாராவது வாங்கிவிட்டால் உங்கள் வாசகர் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளப்படலாம்.

எனவே விதி ஒன்றே: சேவை செத்தால் பதிவும் சேர்ந்து சாகும் என்றால் அதைச் சேர்க்காதீர்கள். சுட்டி சுருக்கி தேவையே இல்லை. மேலே சொன்னபடி சுட்டி அமைத்தால் அதுவே குட்டையாகத்தான் இருக்கும். வருகை எண்ணிக்கைக்குச் சேவையின் சொந்தப் புள்ளிவிவரம் போதும், அதையும் வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். மின்னஞ்சல் சந்தா வைத்தால் வாசகர் பட்டியலை மாதாமாதம் தரவிறக்கி வையுங்கள். இலவச வார்ப்புருக்களை முகம் தெரியாத தளங்களிலிருந்து எடுக்காதீர்கள். அடியில் ஒளித்து வைத்த சுட்டிகளோடுதான் பல வருகின்றன.

எச்சரிக்கை: 'உங்கள் பதிவு காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்குவோம்' என்று மடல் வந்தால் அதிலுள்ள சுட்டியைத் தொடாதீர்கள். உலாவியில் நீங்களே முகவரியை அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான அறிவிப்பானால் அங்கேயும் இருக்கும்.

காப்பு எடுத்தல்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பொங்கல், சித்திரை, ஆடிப்பெருக்கு, தீபாவளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இடைவெளி கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை.

1. பிளாகரில் அமைப்புகள் பகுதிக்குப் போய் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் வசதியை அழுத்துங்கள். கூகுள் டேக்அவுட் வழியாகவும் எடுக்கலாம். வேர்ட்பிரஸில் கருவிகள், ஏற்றுமதி. பதிவுகளும் பின்னூட்டங்களும் ஒரே கோப்பாக இறங்கும்.

2. அந்த ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் இருக்காது, படங்களின் சுட்டிகள்தான் இருக்கும். பலரும் ஏமாறும் இடம் இது. மூலப் படக் கோப்புறையை வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

3. பிளாகரில் வார்ப்புருவைத் தனியாகத் தரவிறக்க வேண்டும்.

4. கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று பென்டிரைவில், ஒன்று வேறு நிறுவனத்தின் மேகச் சேமிப்பில்.

5. வருடத்துக்கு ஒருமுறை சோதனை. யாருக்கும் தெரியாத புதிய வலைப்பூ ஒன்றைத் திறந்து, காப்புக் கோப்பை அதில் இறக்குமதி செய்யுங்கள். தமிழ் ஒழுங்காக வருகிறதா, பதிவு எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். திறந்து பார்க்காத காப்பை நான் காப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

6. உங்களுக்குப் பிடித்த பதிவுகளையாவது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் 'இந்தப் பக்கத்தைச் சேமி' என்ற இடத்தில் கொடுத்துச் சேமித்து வையுங்கள். மூடிப்போன எத்தனையோ வலைப்பூக்களை நான் அங்கேதான் படித்தேன்.

"இலவசச் சேவைக்குத்தானே இந்தப் பயம்? காசு கட்டினால் மூடமாட்டார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. டைப்பேட் 2003இல் தொடங்கிய கட்டணச் சேவை. அமெரிக்காவின் பெயர்பெற்ற பதிவர்கள் பலர் அங்கேதான் எழுதினார்கள். 2025 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மூடப்போவதாக அறிவித்தார்கள், செப்டம்பர் 30இல் மூடினார்கள். இருபது வருட எழுத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப, பதிவர்களுக்குக் கிடைத்தது முழுதாக ஐந்து வாரம்கூட இல்லை.